எனக்குக் காட்ட நினைத்த கூரை

என் கணவர் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். சீனி வருத்தம், அந்த நீரிழிவு, அவருடைய கண்களின் நடுப்பார்வையைக் கொண்டுபோய்விட்டது. நேராகப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஏதோ மறைக்கிறதாம். கடைக்கண்ணால் பார்த்தால்தான் நிறமும் உருவமும் கொஞ்சம் பிடிபடும். வீட்டுக்கு வருகிறவர்கள், இந்த மனிசன் நம்மோடு கோபமோ என்று நினைப்பார்கள். கோபமில்லை, பார்க்கிறார் என்று நான்தான் சொல்லிச் சமாளிப்பேன்.

புத்தளத்துப் பாடசாலை ஒன்றில் அவர் சித்திரப் பாட ஆசிரியராக இருந்தவர். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் ஒரு கதை இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களில் அவரும் ஒருவர். முகாமில் இருந்துகொண்டு கிடைத்த கூலி வேலைக்குப் போனார். சிலாபத்துக்குத் தெற்கே, கடற்கரையோரத்துக் கிறிஸ்தவர்களின் வேதக் கோயில் ஒன்றுக்குத் திருநாளுக்காகச் சுண்ணாம்பு அடிக்கப் போன கூட்டத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே சாரக்கட்டில் ஏறியபோது பலகைக் கூரை முழுக்க ஓவியம். கருநீல வானம், மேகம், அதற்குள் சிறகு விரித்த வானவர்கள், மலக்குமார்.

“கீழே நிண்டு பார்த்தா எல்லாம் வடிவான மலக்குமார். பக்கத்தில போய்ப் பார்த்தா எல்லாம் அந்த ஊரில மீன் பிடிக்கிற கரைவலைக்காரர்ட முகம்,” என்பார். “ஒருத்தருக்குக் கன்னத்தில வெட்டுக் காயம் கூட இருந்திச்சு. எல்லாம் விட்டுப்போட்டு வந்து, இனி என்ன செய்யிறது எண்டு தெரியாம இருந்த நேரம் அது. அதைப் பார்த்த அண்டைக்குத்தான் எனக்கும் சித்திரம் கீறோணும் எண்டு வந்தது.”

இந்தக் கதையை அவர் தன் மாணவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லும்போது மட்டும் கடைசியில் ஒரு வார்த்தை கூடும். “உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டோணும்.”

விடியப் பஸ்ஸில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தான். முதலில் பிள்ளைகள் சின்னவர்கள். பிறகு அவர்களின் பள்ளிக்கூடச் சோதனைகள், கல்யாணங்கள். ஓய்வு பெற்றதும் போவோம் என்று இருந்தோம். அவர் ஓய்வு பெற்ற வருடமே ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு, தலையில் முக்காடு போட்ட நான் எந்த முகத்தோடு ஒரு வேதக் கோயில் வாசலில் போய் நிற்பது? அவரும் கேட்கவில்லை. பிறகு கொரோனா, அதன் பிறகு பெட்ரோல் வரிசை. எல்லாம் ஒருவழியாக அடங்கி மூச்சுவிட்டபோது அவருடைய கண் போய்க்கொண்டிருந்தது.

போன வருடம் மழை விட்ட பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். “இனியும் வைச்சிருந்தா சரிவராது. முன்னேஸ்வரம் கோயிலையும் பார்த்து, அந்தக் கூரையையும் பார்த்து, வாற வழியில ஒரு பூந்தோட்டம் இருக்காம், அதையும் பார்த்துக்கொண்டு வருவம்.”

விடியச் சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். சாப்பிடப் பாணும் தேங்காய்ச் சம்பலும் கட்டி எடுத்திருந்தேன். கொழும்பு பஸ்ஸில் ஜன்னலோரத்தில் அவரை இருத்தினேன். மதுரங்குளி தாண்டும்வரை ஒரு சின்னப் பிள்ளை போல வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார்.

முன்னேஸ்வரத்தில் கோபுரத்துக்கு எதிரே தாமரைப்பூ விற்கும் பெண்களுக்கு அருகில் நின்றோம். உள்ளே போகத் தயங்கி நின்றதைப் பார்த்து ஒரு பூக்காரி, “போங்க அம்மா, இங்க எல்லாரும்தான் வாறாங்க,” என்றாள். அவர் சிரித்து, தனக்கு வெளியிலிருந்து பார்ப்பதுதான் வசதி என்றார். பிறகு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி, ஓரக்கண்ணைக் கோபுரத்தில் வைத்தார்.

“நிறம் தெரியுது. உருவம் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கு. என்ன இருக்கெண்டு சொல்லு.”

“நிறையப் பொம்மைகள் இருக்கு,” என்றேன்.

“இவ்வளவு காலம் சித்திர வாத்தியாரோட குடும்பம் நடத்தி, பொம்மைகள் இருக்கெண்டு சொல்லுறாய்!”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபடி பார்த்தேன். எனக்குத் தெரிந்தது துணிதான். அதனால் உடுப்பிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் தட்டில் நிற்கும் பெண்ணுக்கு மாம்பழ மஞ்சளில் சேலை, கொசுவம் முன்னால் விசிறிபோல விரிந்திருக்கிறது, இடுப்புப் பட்டி சிவப்பு, பக்கத்தில் நிற்பவரின் பச்சை வேட்டிக்குக் கரை சரியாகப் போடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஓம்... ஓம்... இப்ப தெரியுது,” என்றார். எத்தனையோ வருடங்களாக அவர் கீறியதையெல்லாம் நான் “நல்லா இருக்கு” என்ற ஒரு சொல்லோடு கடந்து போயிருக்கிறேன். நான் பார்த்ததைச் சொல்ல, அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அங்கிருந்து முச்சக்கரவண்டி பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். வேதக் கோயில் வாசலில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன். சாரம் உடுத்திச் சட்டை போட்ட வயதான ஒருவர், கோயிலைப் பராமரிக்கிறவர், எங்களைக் கண்டு வந்தார். என் முக்காட்டைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார். நான் கேட்காமலே பையைத் திறந்து காட்டினேன். பாண் பொதியைக் கண்டதும் அவருக்கே சங்கடமாகிவிட்டது.

“பரவாயில்ல நோனா, மூடுங்க. மனசில ஒண்டும் வைக்காதீங்க,” என்றார். “எங்க இருந்து வாறீங்க?”

“புத்தளம். இவர் சின்ன வயசில இங்க சுண்ணாம்பு அடிக்க வந்தவர். கூரைப் படத்தைப் பார்க்க வந்தம்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நடந்துவிட்டார். அந்தத் தரையை அவருடைய கால் மறக்கவில்லை. நடுவில் போய் நின்று, முகத்தை ஒருக்களித்து, மேலே பார்த்தார். நானும் பார்த்தேன்.

மேலே புதிய தகட்டுக் கூரை. வெள்ளை நிறம். மின்விசிறிகள். வேறொன்றும் இல்லை.

அவர் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். என் கையைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் இறுகின.

“புள்ள,” என்றார் மெதுவாக, “எனக்கு நீலம் தெரியேல்ல. காலமை கோபுரத்தில நிறம் தெரிஞ்சிச்சே. இப்ப எல்லாம் வெள்ளையாக் கிடக்கு. ஓரமும் போயிட்டுதோ?”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முகாம் கதைகளைச் சொல்லும்போதுகூட அவர் அப்படிப் பயந்து பேசியதில்லை.

“உங்கட கண்ணுக்கு ஒண்டும் இல்ல,” என்றேன். “கூரையத்தான் மாத்திப்போட்டாங்க. படம் இல்ல.”

“உண்மையா? வெள்ளைதானா?”

“வெள்ளைதான்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று நீளமாக மூச்சுவிட்டார். முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் நான் சொன்னது அவருக்கு முழுதாக விளங்கியிருக்க வேண்டும். பக்கத்து மர வாங்கில் கையை ஊன்றி உட்கார்ந்துகொண்டார்.

பராமரிப்பவர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். பலகையெல்லாம் கறையான் தின்றுவிட்டதாம், மழைக்கு ஒழுகத் தொடங்கியதாம். ஒரு நாள் பூசை நடக்கும்போது ஒரு துண்டு விழுந்து ஒரு பிள்ளைக்குக் காயமாம். இத்தாலிக்கு வேலைக்குப் போன ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து புதுக் கூரை போட்டுக் கொடுத்தார்கள்.

“எப்ப கழட்டினது?” என்று என் கணவர் கேட்டார்.

“இந்த மாரி மழைக்கு முன்னம்தான் சேர். நீங்க போன வருசம் வந்திருந்தா பார்த்திருக்கலாம்.”

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு முந்திய வருடம் பெருநாள் முடிந்த கையோடு போவோமா என்று அவர் கேட்டதும், மகளுக்குப் பிள்ளை கிடைக்க இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்று இரண்டு பேரும் விட்டதும் ஞாபகம் வந்தது.

நல்ல பலகைகள் சில பின்னால் கிடக்கின்றன, வந்து பாருங்கள் என்று பராமரிப்பவர் கூட்டிக்கொண்டு போனார். சமையல் கொட்டிலுக்குப் பின்னால் சிலவற்றைச் சேர்த்து ஆணியடித்து வாத்துகளுக்கு அடைப்புக் கட்டியிருந்தார்கள். மழையும் சேறும் பட்டு எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. நான் குனிந்து முந்தானையால் துடைத்துப் பார்த்தேன்.

“என்ன தெரியுது?” என்று என் கணவர் கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். முகம் ஒன்று தெரிகிறது, கன்னத்தில் காயம் இருக்கிறது என்று சொன்னால் அவருக்குச் சந்தோசமாக இருக்கும். ஆனால் அவர் என் வாயை நம்பித்தான் இனி உலகத்தைப் பார்க்கப்போகிறார். “ஒரு துண்டு நீலம் மட்டும் இருக்கு. தண்ணியில ஊறின டெனிம் துணி மாதிரி, கறுத்த நீலம். வேற ஒண்டும் இல்ல,” என்றேன்.

அவர் பலகையைத் தடவிப் பார்த்தார். “நான் பார்த்தது எனக்கு இருக்கு,” என்றார். “உனக்குத்தான் இல்லாமப் போச்சு.”

அவருடைய விரல்களில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துவிட்டேன்.

பூந்தோட்டத்துக்கும் போனோம். போகாமல் வீட்டுக்குத் திரும்பினால் அந்த நாள் அப்படியே முடிந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் இருந்தது. தென்னந்தோட்டம் ஒன்றின் நடுவே பழைய பங்களாவைச் சுற்றி ஓர்க்கிட்டும் செவ்வந்தியும் பல நிறக் குரோட்டன்களும் வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றின் நிறத்தையும் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் தலையாட்டினார். ஆனால் காலையில் கோபுரத்தடியில் கேட்டது போலக் கேட்கவில்லை. ஒரு மரத்தடியில் இருந்து பாணைச் சாப்பிட்டோம். சம்பலில் உப்புக் கூடிவிட்டது என்றார். உண்மையில் கூடித்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒரு மைல் தூரமாவது வெளியில் தெரிவதைச் சொல்லிக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன். களைப்பில் அப்படியே தூங்கிப் போனேன். கண் விழித்தபோது பாலாவியும் தாண்டி, உப்பளங்களும் போய், பஸ் புத்தளத்து நிலையத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் நேராக முன்னால் பார்த்தபடி இருந்தார். அப்படிப் பார்த்தால் அவருக்கு எதுவும் தெரியாது.

“எழுப்பியிருக்கலாமே,” என்றேன்.

“நீ களைச்சுப்போய்க் கிடந்தாய்,” என்றார்.

அதன் பிறகு வந்த கிளினிக்கில் டாக்டர் இடது கண்ணின் ஓரமும் மங்கத் தொடங்கிவிட்டது என்றார். அன்று தேவாலயத்துக்குள் அவர் பயந்த பயம், இரண்டு மாதம் தள்ளி வந்துவிட்டது.

இப்போது கல்பிட்டிப் பக்கம் போவோம், பழைய கோட்டையையும் பார்த்து, கண்டக்குழிக் கரையில் கிடக்கிற வள்ளங்களின் நிறங்களையும் நீ எனக்குச் சொல்லு என்று அடிக்கடி கேட்கிறார். தைக்க வேண்டிய துணி கிடக்கிறது, வெயில் கடுமை, நோன்பு முடியட்டும் என்று நான்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அவருக்கு அது விளங்காமலில்லை. மறுபடி ஒரு வாசலுக்குப் போய், இங்கேயும் ஒன்றும் இல்லை என்று என் வாயால் அவருக்குச் சொல்ல வேண்டி வருமோ என்று எனக்குப் பயம். நேற்றும் கேட்டார். வாற கிழமை பார்ப்போம் என்றேன்.