விரலுக்கு எட்டிய நுண்குமிழ்

பார்வையற்றோருக்கான அச்சகத்தின் பின்பக்க அறையில் பதினோரு வருஷமாக அவள் ஒருத்திதான். அட்டையில் நூலையும் உப்புத்தாளையும் ஒட்டிப் பாடப்படங்கள் செய்வாள். அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டுச் சூடாக்கினால் மேடு பள்ளம் அப்படியே பதியும். பிள்ளைகள் விரலால் தடவிப் படிப்பார்கள். உடுப்பில் எப்போதும் ஏதாவது நூல் ஒட்டியிருக்கும் என்பதால் மாடியில் இருந்தவர்கள் அவளுக்கு நூல்கண்டு என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி. கீழே இறங்கி வந்து பேசியவர் இல்லை.

வீட்டிலும் தனிதான். மாதம் ஒருமுறை தம்பி கூப்பிடுவான். உடம்பு எப்படி என்று கேட்டு, அவள் பதில் முடிப்பதற்குள் வைத்துவிடுவான்.

அவள் செய்த படங்கள் யாருக்காவது புரிந்தனவா என்று ஒருவரும் சொன்னதில்லை. முதல்முதலாக வந்ததும் ஒரு குறைதான். ஒரு பள்ளியின் உயிரியல் ஆசிரியை அச்சகத்துக்கு ஃபோன் செய்திருந்தார். அவருக்கும் பார்வை கிடையாது.

"தாவர செல் படத்துல நடுவுல ஒண்ணுமே இல்லைங்க. அச்சு விட்டுப்போச்சுன்னு பசங்க நினைச்சுட்டாங்க."

அது நுண்குமிழ், அதாவது வாக்குவோல், பாடப்புத்தகத்திலேயே வெறுமையாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நூல்கண்டு சமாளித்தாள். பழைய புத்தகம் ஒன்றில் அதற்குப் புன்வெற்றிடம் என்றே பெயர் இருந்தது. வெற்றிடத்துக்கு எந்த நூலை ஒட்டுவது?

ஆசிரியை கோபப்படவில்லை. செல்லில் முக்கால்வாசிக்கு மேல் அதுதான் என்றார். தண்ணீர், சர்க்கரை, உப்பு, நிறம், கழிவு எல்லாம் அதற்குள்ளேதான். அது நிரம்பி உள்ளிருந்து சுவரைத் தள்ளுவதால்தான் இலை விறைப்பாக நிற்கிறது. தண்ணீர் வற்றினால் துவண்டுவிடும். "சனிக்கிழமை வாங்களேன். மைக்ராஸ்கோப் இருக்கு, பார்த்துச் சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை."

இரண்டு பஸ் மாறிப் போனாள். ஆசிரியை சிவப்பு வெங்காயத்தின் தோலைத் தானே உரித்துக் கண்ணாடித் துண்டில் வைத்துத் தந்தார். நூல்கண்டு குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

"என்ன தெரியுது, சொல்லுங்க."

"செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஓரம் வரைக்கும் ஊதா நிறம். காலியாவே இல்லை."

ஆசிரியை உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு விட்டார். கொஞ்ச நேரத்தில் ஊதா சுவரை விட்டு விலகி நடுவில் சுருண்டது. அவள் பதறி, செத்துப்போச்சா என்று கேட்டாள். ஆசிரியை சிரித்துக்கொண்டே நல்ல தண்ணீரை விட்டார். மெல்ல மெல்ல ஊதா விரிந்து மறுபடி சுவரைத் தொட்டது. அதையெல்லாம் விடாமல் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாள். தொடர்ந்து ஒரு மணி நேரம் அவள் யாரிடமாவது பேசி எத்தனை வருஷமோ.

திரும்பி வந்து புதுப் படம் செய்தாள். நடுவில் களிமண்ணில் பெரிய வழவழப்பான மேடு; உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். பக்கத்திலேயே, தண்ணீர் இழந்து சுருங்கிய செல் ஒன்று. ஆசிரியை தடவிப் பார்த்துவிட்டு ஃபோனில் சொன்னார்: "இப்பதான் அக்கா புரியுது, மத்ததெல்லாம் ஏன் ஓரமா ஒதுங்கி நிக்குதுன்னு."

அந்த 'அக்கா'வை நூல்கண்டு இரண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

அடுத்தது அமீபா. அதன் நுண்குமிழ் தண்ணீரைச் சேர்த்து வெளியே தள்ளும், திரும்பச் சேர்க்கும். இதை எப்படிக் காட்டுவது என்று கேட்கப் பள்ளிக்கு ஃபோன் செய்தாள். ஆசிரியைக்கு வெளியூருக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றார்கள். புது நம்பர் யாரிடமும் இல்லை. புதிதாக வந்தவர், படமெல்லாம் நன்றாக இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்றார்.

மத்தியான வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. அவள் மூன்று அமீபாக்களை வரிசையாக ஒட்டினாள்: சின்னக் குமிழ், பெரிய குமிழ், குமிழ் போன இடம். தடவிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் தானே கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாள். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. பெரிய குமிழைப் பிய்த்துவிட்டு, இன்னும் உயரமாகச் செய்யக் களிமண்ணைப் பிசைந்தாள்.