சுகந்தியின் கரையில் பூங்கா வேண்டாம்

சுகந்தி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் மாநகராட்சி அலுவலகத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் செடி வைத்திருக்கும் அடையாற்றங்கரையில் யாரோ கட்டட இடிபாட்டை லாரி லாரியாகக் கொட்டியிருந்தார்கள். கைபேசியில், எங்களோடு கரையில் வேலை செய்யும் செல்வம். "மேடம், அம்மா பூட்டாங்க மேடம். தூக்கத்துலயே." படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு உள்ளே போய் மனுவைக் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டுதான் மயிலாப்பூருக்கு, அவள் வீட்டுக்குப் போனேன். பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தால் அவளே எழுந்து திட்டியிருப்பாள்.

'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை, மன்னியுங்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்திய வேலையை உதறிவிட்டு, ஆற்றங்கரைக்கு நம் மண்ணின் செடிகளைத் திருப்பிக் கொண்டுவந்தவளுக்கு அந்த மரியாதை உண்டுதான். ஆனால் எங்களுக்குள் கடைசிவரை வாடி போடிதான். வேலையையும் முதல் நாளே பிரித்துக்கொண்டோம். "மீனா, நீ கத்து. நான் நடறேன்" என்பாள்.

அவள் வீட்டு வாசலில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னைத் தனியே அழைத்தார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது. "அந்தக் கரையைச் சுத்தம் பண்ணி, புல்தரை, பெஞ்ச், லைட்டு எல்லாம் போட்டு, சுகந்தி மேடம் பேர்ல ஒரு பார்க் வெச்சிடலாம். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணிடலாம் மேடம்." பக்கத்தில் நின்ற செல்வத்துக்குத் தாங்கவில்லை. "இன்னா சார், அம்மா நட்டத புடுங்கிட்டு அங்கயே அம்மா பேர வெப்பீங்களா?" என்றான். சாவு வீட்டில் கத்தக்கூடாதென்று நான் வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் அவளைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் இப்போது எழுதுகிறேன்.

சீமைக் கருவேலத்தை வெட்டி, நாணலும் நொச்சியும் பூவரசும் அவள் நட்டபோது, நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு பெரியவர் தினமும் சண்டைக்கு வருவார். "என்னம்மா இது, புதர் மண்டிக்கிடக்கு. பாம்பு வரும்!" சுகந்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வரட்டும் சார். நமக்கு முன்னாடியே குடிவந்தது அதுதான்" என்பாள். அதே மனிதர் சளி பிடித்தபோது ஆவி பிடிக்க நொச்சித் தழை கேட்டு வந்து நின்றார். கை நிறைய ஒடித்துக் கொடுத்துவிட்டு, "பாம்பைக் கேட்டுட்டுத்தான் சார் தரேன்" என்றாள் மகராசி.

பெயர்ப்பலகை என்றாலே அவளுக்கு ஆகாது. நாற்றுக்குப் பணம் கொடுத்த ஒருவர் தன் பெயரைப் பெரிதாக எழுதி வைக்கச் சொன்னார். "செடி பேரே இங்க யாருக்கும் தெரியல. முதல்ல அதை எழுதுவோம் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அந்தப் பெருமழை. ஆறு கரையேறி வடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம். நாணலும் நொச்சியும் மொத்தமாகச் சேற்றில் படுத்துக்கிடந்தன. "எல்லாம் போச்சேடி!" என்று நான் ஒப்பாரி வைத்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒரு நொச்சியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. "படுத்திருக்கு, அவ்வளவுதான். எழுந்துக்கும். நீ மண்ணைப் பாரு" என்றாள். மண் அப்படியே இருந்தது. சற்றுத் தள்ளி, புல்தரை போட்டு நடைபாதைக் கல் பதித்திருந்த இடத்தில் கரையே சரிந்து ஆற்றுக்குள் கிடந்தது. சில வாரங்களில் எங்கள் புதர்கள் தளிர்விட்டு நிமிர்ந்துவிட்டன. செயலாளரே, அன்றைக்கு நீங்களும்தான் வந்து பார்த்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள், போதும்.

"அக்கா ஞாபகமா உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவள் தங்கை கேட்டாள். சேறு காய்ந்து ஒட்டியிருந்த அவளுடைய துணித் தொப்பியை எடுத்துக்கொண்டேன். வெயிலில் நிற்க அது தேவைப்படும். நீங்களும் வாருங்கள், கூட்டத்துக்கு முன்னால் எல்லோரும் கரையில் ஒருமுறை நடந்துவிட்டுப் போவோம். அந்த நொச்சியில் ஒரு கிளைகூடப் போகாது, எனக்குச் சந்தேகமே இல்லை. நட வேண்டியதையெல்லாம் அவள் நட்டுவிட்டாள். நான் கத்த வருகிறேன்.