ஸ்காட்லாந்து மலைக்குப் போட்டியாக வல்லக்கோட்டைப் பக்கத்துக் குன்று

2013இல், ஒரு கிருத்திகை நாளில் இந்தக் குன்றுக்குப் போனேன். காரணம் பொறாமைதான். என் ஓரகத்தி விமலா, மகளைப் பார்க்க ஸ்காட்லாந்து போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருந்தாள். கிராமங்களுக்கு நடுவே ஒரு பச்சை மலை, அடிவாரத்தில் பழைய தேவாலயம், உச்சியில் வட்டமாக நிற்கும் ஆதிகாலத்துக் கற்கள். அவள் எடுத்து வந்த அந்தப் படங்களை என் வீட்டுக்காரர் மூன்று தடவை பார்த்தார். "நம்ம பக்கம் கம்பெனியைத் தவிர என்ன இருக்கு?" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்வட்டம் இங்கேயும் உண்டு என்று படித்திருந்தேன். நம் ஊரும் குறைச்சலில்லை என்று விமலா வாயாலேயே சொல்ல வைக்க, அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெயிலுக்கு முன் குன்று, பிறகு வல்லக்கோட்டை முருகன். அதுவரை நான் விரதம். ஒரகடத்தில் 7.10க்குப் பேருந்து. நைட் ஷிப்ட் முடித்த பிள்ளைகள் நின்றபடியே தூங்கிக்கொண்டு வந்தார்கள். வல்லக்கோட்டையில் இறங்கி ஐந்து கிலோமீட்டர் ஆட்டோ, 120 ரூபாய். "கோயிலுக்குப் போவாம அங்க இன்னா கீதுன்னு போறீங்க?" என்றார் டிரைவர்.

இருபது நிமிட ஏற்றம். மேலே வட்டமாகப் பதினான்கு கற்கள்.

"அங்க ஆள் ஒசரம்க்கா. இது முட்டி வரைக்கும்தான் இருக்கு," என்றாள் விமலா.

"இது சாமிக்கல்லு. படம் புடிக்கிறதுக்கு இல்ல," என்றேன். சொன்ன வேகத்தில் முருகனுக்கு வைத்திருந்த கூடையைப் பிரித்து, பெரிய கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, தேங்காயும் உடைத்துவிட்டேன். விமலா தள்ளி நின்று கைகூப்பினாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வந்து பார்த்தாள். "இன்னாம்மா பண்ற? அந்தக் காலத்துல பொணம் பொதைச்ச எடம் அது. ஆபீசருங்க தோண்டி எலும்பெல்லாம் எடுத்துகினு போனாங்க. அதுக்கா தேங்கா?"

"அங்கயும் சமாதின்னுதான்க்கா சொன்னாங்க," என்றாள் விமலா.

"முன்னாடியே சொல்றதுக்கென்னடி?"

"நீங்க சாமின்னீங்க. நம்ம ஊர்ல வேற போலன்னு நெனச்சேன்."

கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். தலை முழுகாமல் உள்ளே போக எனக்கு மனம் ஒப்பவில்லை. மாற்றுப் புடவை கிடையாது. கல்லைத் தொடாத விமலா மட்டும் உள்ளே போனாள். விரதம் எனக்கு, தரிசனம் அவளுக்கு. வெளியே செருப்புக்குக் காவல் நின்றேன்.

முகம் மலர்ந்து வந்தாள். "கிருத்திகைக் கூட்டத்துலயும் நல்லாப் பாத்தேன்க்கா. அவ்ளோ ஒசரமா, சிரிச்சாப்ல நிக்கிறாரு. ஸ்காட்லாந்துல இதெல்லாம் ஏது?"

நான் கேட்க ஏங்கிய வார்த்தைதான். காது எரிந்தது.

போகிறவர்கள் கோயிலை முதலில் முடியுங்கள். குன்றில் தண்ணீர் கிடையாது, நிழலும் இல்லை. போன ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லுங்கள். எங்களுக்குத் திரும்பி வர ஒன்றும் கிடைக்காமல் நடந்தோம்.

அடுத்த கிருத்திகைக்குத் தனியாக வல்லக்கோட்டைக்குப் போனேன். முருகன் விமலா சொன்னபடியேதான் நின்றார். அவள் சொல்லித்தான் அது எனக்கு முதலில் தெரிந்தது என்பதைச் சன்னதியில் நின்றபோதும் மறக்க முடியவில்லை.