மூன்றாவது வரி வரை போகாத பாட்டு

தணிகாசலம் அண்ணன் போய்விட்ட செய்தி எனக்கு ஒரு துக்க விசாரிப்பாகத்தான் வந்தது. கீழ்பென்னாத்தூர் கல்யாண மண்டபத்து மேனேஜர் போன் செய்தார். "அம்மா, மனசத் தைரியமா வச்சுக்குங்க. உங்க வீட்டுக்காரர் தவறிட்டாராமே?" என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் மேடைப் புருஷனைச் சொல்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

அவரை மேடையில் பார்த்தவர்கள் உங்களில் பலர். மெல்லிசைக் கச்சேரியின் நடுவே இருபது நிமிடம் எங்களுடையது. புருஷன் பெண்டாட்டி சண்டை, முழுக்கப் பாட்டிலேயே. "காபித்தூள எங்கடி வச்ச கண்ணம்மா?" என்று அவர் உருகிப் பாடுவார். "வச்ச எடத்துல இருக்குது, கண்ணத் தொறந்து பாருய்யா" என்று நான் எட்டுக்கட்டையில் பதில் சொல்வேன். எழுத்தும் மெட்டும் அவருடையவை. பதினெட்டு வருஷம் மேடையில் "யோவ்" என்றேன், கீழே இறங்கினால் "அண்ணா" என்றேன். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டால், "தினம் ஒருத்திகிட்ட அடி வாங்குறேனே, போதாதா?" என்பார்.

ஒரு பௌர்ணமி மாலை, அடி அண்ணாமலையில் நிகழ்ச்சி. சுவாமி மீது அவரே ஒரு பாட்டு எழுதி ஒரு மாதமாகப் பழகியிருந்தார். வேஷம் இல்லாமல், ஒட்டு மீசை இல்லாமல், நெற்றி நிறைய விபூதியோடு மேடையேறினார். கண்ணை மூடி, "அண்ணாமலையே..." என்று இழுத்தார். அவ்வளவு நல்ல குரலை அதற்கு முன் அவரிடம் நான் கேட்டதில்லை. கூட்டம் சிரித்தது. அவர் முகத்தைப் பார்த்ததுமே சிரித்துப் பழகிய ஜனங்கள். அவர் ஒரு நொடி நின்றார். கண்ணைத் திறந்து, "...எம் மாமனாரே! உம் பொண்ணக் கூட்டிட்டுப் போய்யா!" என்று முடித்துவிட்டு, ஓரத்தில் நின்ற என்னைக் கை காட்டி அழைத்தார். நான் மேடைக்கு ஓடினேன். அன்று விழுந்த கைத்தட்டல் வேறு எங்கும் விழுந்ததில்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் சொன்னார்: "அவங்க சிரிச்சது தப்பில்ல வசந்தாம்மா. அந்தப் பாட்டு மூணாவது வரியிலதான் நல்லா இருக்கும். அதுவரைக்கும் போக முடியல, அவ்ளோதான்." அந்த மூன்றாவது வரி என்ன என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

என் மகளுக்கு வரன் வந்தபோது, "மேடையேறுற சமாச்சாரத்த மறைச்சுடுங்கம்மா" என்றார் தரகர். இனி மேடைக்கு வரமாட்டேன் என்று அண்ணனிடம் நேரில் சொல்லத் தைரியமில்லாமல் கச்சேரிக் குழுத் தலைவர் மூலம் சொல்லி அனுப்பினேன். மறுநாளே வீட்டுக்கு வந்தார். "லீவா, டைவர்ஸா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சிரித்தார். நான், "பொண்ணு வாழ்க்கைண்ணா" என்றேன். "அதான் ஜாஸ்தி முக்கியம். நம்ம பாட்டு அதவிடக் கம்மிதான்" என்றவர், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

அதன் பிறகு அவர் வேறு யாரையும் ஜோடி சேர்த்துக்கொள்ளவில்லை. மகள் கல்யாணம் முடிந்த பிறகு, சம்பந்தி வீட்டு உறவினர் ஒருவரின் வரவேற்பில் அவர் தனியாகவே அந்தச் சண்டையைப் பாடுவதைப் பார்த்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டால் நான், எடுத்துவிட்டால் அவர். இரண்டு குரலும் அவரே. மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் நான் லேசாகச் செருமுவேன். அதைக்கூட விடாமல் செய்தார். "இந்தக் குரல எங்கியோ கேட்ட மாதிரியே இருக்குதுங்க" என்றார் பக்கத்திலிருந்த சம்பந்தியம்மா. பந்தி எப்போது என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். எப்போதும் கீழே இறங்கி வந்து பெண்களை வம்புக்கு இழுப்பது அவர் வழக்கம். அன்றும் இறங்கினார். என்னைப் பார்த்தார். உடனே எதிர் வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நிகழ்ச்சி முடிந்ததும் நான் அவரிடம் போகவில்லை. இலை போட்டுவிட்டார்கள் என்று சாப்பிடப் போனேன். அதுதான் கடைசியாகப் பார்த்தது.

வேங்கிக்காலில் அவர் வீட்டுக்கு முதல்முறையாகப் போனது சாவுக்குத்தான். அவர் தம்பி மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டு, தலைமாட்டில் இடம் ஒதுக்கி உட்காரவைத்தாள். "மாமா எங்ககிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதே இல்லீங்க. உங்ககிட்டயாச்சும் பேசுவாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். "பாடுவார்" என்றேன்.

அன்று மாலையே சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அட, இதப் போயா மறைச்சீங்க? அன்னிக்கே சொல்லியிருந்தா மேடைக்குக் கூட்டிட்டுப் போய் ஒங்களையும் பாடச் சொல்லியிருப்பேனே" என்றார்.

அண்ணன் வீட்டில் எப்படி இருந்தார், யாரை நினைத்துக்கொண்டிருந்தார், எதற்கு அழுதார், எதுவும் எனக்குத் தெரியாது. எந்த வரியில் எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுப்பார் என்பது மட்டும் தெரியும். மேடையில் அந்த இடம் வரும்போது நான் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். இப்போது சமையலறையில் தனியாகப் பாடும்போதும் அங்கே வந்ததும் நிறுத்திவிடுகிறேன். அவர் மூச்செடுக்கும் நேரம் ஆனபிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போகிறேன்.