நைனாவுக்குக் கேட்காத ஒரு பேச்சு

எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். இராயபுரத்தில் நாங்கள் இருந்த சந்துக்குப் புதிதாக யாராவது குடிவந்தால், வந்த முதல் வாரம் எங்கள் வீட்டுச் சண்டையை விலக்கிவிட ஓடிவருவார்கள். வந்து பார்த்தால் அம்மா நைனாவிடம், குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

காரணம் நைனாவின் காது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் அவர் ரிவிட் மேஸ்திரி. கப்பல் தகடுகளையும் பாய்லர்களையும் இணைக்க, பழுக்கக் காய்ச்சிய ரிவிட் ஆணிகளை அடித்து இறுக்குவது அவர் தொழில். பாய்லருக்குள்ளே உட்கார்ந்து வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்தை வாங்கிய காது, நான் பிறப்பதற்கு முன்பே பாதி போய்விட்டதாம். எனக்கு விவரம் தெரிந்தபோது மீதியும் போயிருந்தது.

ஆனால் தொழிலில் அவர் கெட்டிக்காரர். தளர்ந்துபோன ரிவிட்டை மற்றவர்கள் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். நைனா ஒரு பக்கம் சுத்தியலால் தட்டி, மறுபக்கம் விரலை வைத்துப் பார்ப்பார். ஆடினால் விரலுக்குத் தெரிந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். அக்காவும் நானும் கைக்குழந்தைகளாக இருந்தபோது, தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு படுப்பாராம். நாங்கள் சிணுங்கி உதைத்தால் அம்மாவுக்கு முன்னால் அவர் எழுந்துவிடுவாராம்.

காது கேட்காத விஷயம் பட்டறையில் கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேருக்கும் அதே கதைதான். மேலே இருந்தவர்களுக்குத்தான் தெரியாது. கிரேனுக்குக் கீழே நிற்கிறவனுக்கு, ஒதுங்கு என்று சொன்னால் கேட்க வேண்டும். கேட்காது என்று தெரிந்தால் ரிவிட் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் சந்துக்காரர்கள் அல்லாத வெளியாட்கள் முன்னால் நாங்கள் யாரும் கத்தக் கூடாது.

எனக்குக் கத்த வராது. இன்றைக்கும் வராது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொன்னால்கூடப் பக்கத்திலிருப்பவள்தான் எழுந்து, அவள் வந்திருக்கிறாள் என்பாள். நைனாவிடம் பேச வேண்டுமானால் எதிரே போய் நின்று, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பேன். அம்மா கத்துவதைவிட இது அவருக்குச் சுலபமாகப் புரிந்தது. கத்தும்போது வாய் கோணிப்போய்விடுகிறதாம்.

ஆகவே வீட்டுக்கு யாராவது வந்தால் எனக்கு ஒரு வேலை இருந்தது. வந்தவர்களின் முதுகுக்குப் பின்னால், நைனாவின் கண்ணுக்கு நேராக, உள்வாசல்படியில் உட்கார வேண்டும். அவர்கள் பேசுவதை அப்படியே வாயசைத்துக் காட்ட வேண்டும். நைனா அவர்களைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். வந்தவர்கள் ஒன்றும் அறியாமல் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அக்காவுக்கு நர்சு படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து, அம்மாவின் அண்ணன் ஒரு வரனைக் கொண்டுவந்தார். நைனாவைப் பட்டறையில் சேர்த்துவிட்டவர் இந்த மாமாதான். அவர் ஒன்று சொல்லி, முடியாது என்று நைனா சொன்னதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு திருவொற்றியூரிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். பட்டறை டைம்கீப்பர் அவருக்கு தோஸ்து என்று மாமா முன்பே எச்சரித்திருந்தார். அக்கா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு எங்களுக்கு புடிச்சிக்கீது மேஸ்திரி. ஒரே ஒரு விஷயம். இந்த நர்சு படிப்பெல்லாம் நம்ம வூட்டுக்கு ஒத்து வராது. அத்த இப்பவே நிறுத்திடணும். இன்னா சொல்றீங்கோ?"

கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் நின்றது. நான் ஒரு வார்த்தை விடாமல் வாயசைத்தேன். நைனா என் வாயையே பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆமாங்க. காத்து கொஞ்சம் ஜாஸ்திதான். கடலு பக்கத்துல கீதுல்ல."

பெரியப்பா மாமாவைப் பார்த்தார். மாமா நைனாவின் பக்கம் குனிந்து, "மாப்ளே, படிப்பச் சொல்றாரு, படிப்ப!" என்றார். நான் மறுபடியும் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன்.

"படியா? ஒண்ணு ஒடஞ்சிபோய்தான் கீது. நாளைக்கே கட்டிடலாம்."

எழுந்து நின்று, பிறந்ததிலிருந்து கத்தாத கத்தலாக, "நைனா! அக்கா படிப்ப நிறுத்தணுமாம்!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"கொயந்த இன்னாமோ சொல்லுது. பசி போல," என்றார் நைனா, அம்மாவைப் பார்த்து. "இந்தாமே, அதுக்கு ஒரு வட குடு."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இன்னாய்யா இது, டமாரச் செவுடா கீறாரு! நாளைக்கு பொறக்குற கொயந்தையும் இப்டியே பொறந்தா இன்னா பண்றது? சொல்லாம கொள்ளாம என்னை இட்டாந்தியே," என்று மாமாவைத் திட்டிக்கொண்டே வெளியே போனார். நைனா வாசல்வரை போய்க் கைகூப்பி, "அடிக்கடி வாங்க," என்றார்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. நைனா அவர் பேச்சைத் தட்டவில்லையே. "பாவம், காது இவ்ளோ மோசமா பூட்ச்சா?" என்று அம்மாவிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனார். விஷயம் டைம்கீப்பர் வழியாகப் பட்டறைக்கும் போனது. கொஞ்ச நாளில் நைனாவை ரிவிட் வேலையிலிருந்து எடுத்து, உளி தீட்டும் இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். கடைசிவரை அவர் அங்கேதான் இருந்தார். அக்கா படித்து நர்சு ஆனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அடுப்படி மூலையில் அழுதுகொண்டிருந்தேன். என் ஒரே வேலையையும் கெடுத்துவிட்டேன், என் வாய்தான் எங்கோ தவறிவிட்டது என்று நினைத்தேன். நைனா வந்து எதிரே குந்தினார். விளக்கு இன்னும் ஏற்றவில்லை. நான் அழுகையோடு, சத்தமில்லாமல், "நான் சரியாத்தான் சொன்னேன் நைனா," என்று வாயசைத்தேன்.

"தெரியும் கண்ணு," என்றார் உடனே. "ஒரு வார்த்த தப்பாம சொன்ன."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் பொய் சொல்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் அதிகமாக அழுதேன்.