முப்பதாம் திகதிக்கு ஒரு யன்னல்

லண்டன் எட்மண்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு பவுண் விலைச் சொக்லேட் நாட்காட்டியைக் கண்டபோதுதான் யோசனை வந்தது. டிசம்பர் ஒன்று முதல் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் வரைக்கும் நாளுக்கொன்றாகத் திறக்க இருபத்துநான்கு காகித யன்னல்கள். சொக்லேட்டுக்குப் பதில், எங்கள் தமிழ்ப் பங்குக் குடும்பங்கள் ஐரோப்பாவில் கழித்த முதல் டிசம்பரின் படங்களை வைத்தால்? ஆறு வாரத்தில் ஆளுயரப் பலகை தயார். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் முதலாவதான திருவருகைக்கால முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகள் திறக்கத் தொடங்குவார்கள் என்று சுவாமியாரும் அறிவித்துவிட்டார்.

நவம்பர் 29, சனி, காலை ஒன்பது மணி. அப்போதுதான் உறைத்தது: அந்த ஞாயிறு நாளைக்கு, முப்பதாம் திகதி. பலகையோ ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஒரு நாள் முந்தித் திறந்தால் இருபத்துநான்காம் திகதிக்கு யன்னல் இராது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் என்ன சொல்வது?

ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்த மன்னார் றீற்றா அன்ரிக்குப் போன் செய்தேன். வா என்றார். எட்மண்டன் கிரீனிலிருந்து செவன் சிஸ்டர்ஸ், பிறகு பின்ஸ்பரி பார்க், அங்கிருந்து பிக்கடில்லி லைன் ரயில். ரெய்னர்ஸ் லேனுக்கு ஒன்றரை மணி நேரம்.

11.15. அன்ரி தன் தையல் கடையில் பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"ஒரு நாளைத் துலைச்சுப்போட்டு ரெயினில தேடி வந்திருக்கிறியோ?"

"ஓம் அன்ரி."

ஜெர்மன் பங்கு ஒன்று அச்சிட்ட நீளமான நாட்காட்டியை விரித்தார். முதல் மூன்று யன்னல்களிலும் நவம்பர் திகதிகள். முதல் ஞாயிறு வருடா வருடம் மாறும். கடைக்காரருக்கு அது சரிவராது, அதனால் அவர்கள் ஒன்றில் தொடங்குகிறார்கள் என்றார். கோயிலுக்குப் பலகை செய்த நான் சொக்லேட் பெட்டியைப் பார்த்து எண்ணியிருக்கிறேன்.

"இன்னொண்டை வெட்டன் பிள்ளை. பலகை என்ன அழப்போகுதே?"

"உள்ளே வைக்கப் படம் இல்லையே."

அக்டோபரில் படம் தர மறுத்தவர் அன்ரி. மேசை லாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்தார்: பனியில் பஸ் தரிப்பிடம், ஆண்கள் கோட்டுக்குள் பாதி மறைந்த இளம்பெண், அன்ரியேதான்.

"சிரிக்கிறவையின்ர பேரை எனக்குச் சொல்லு."

திரும்பும் ரயிலில் பலகைக்காக எடுத்த குறிப்புகளைப் புரட்டினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் வீடுகளில் கதவில் சோக்கட்டியால் கோடுகள் போட்டு, நத்தார் வரைக்கும் நாளுக்கொன்றாக அழித்திருக்கிறார்கள். அச்சுப் படமும் யன்னலும் பிறகு. சொக்லேட் அதற்கும் பிறகு.

பிற்பகல் கோயில் மண்டபத்தில் ஒன்றுக்கு இடப்பக்கம் முப்பதாம் யன்னலை வெட்டி, அன்ரியின் படத்தை வைத்தேன். ஞாயிறு ஒருவரும் சிரிக்கவில்லை. யார் இந்த அக்கா என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த வருடம் முதல் ஞாயிறு நவம்பர் 29, இருபத்தாறு நாள். அதற்குப் பலகை வேண்டாம், மண்டபக் கதவில் சோக் கோடுகள். கழுவினால் போகுமா என்று சுவாமியார் கேட்கிறார். முதலில் எங்கள் குளியலறைக் கதவில் கோடு போட்டுக் கழுவிப் பார்க்கப்போகிறேன்.