அந்தப் பக்கத்தில் மீன் இல்லை

போன வாரம் எனக்கு ஓர் இ-மெயில் வந்தது.

எனக்கு என்றால்... எங்கள் பிரின்சிபால் ரூமுக்கு. கல்லூரியில் இன்டர்நெட் இருப்பது அங்கே மட்டும்தான். அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, நூலகரான நான் உள்ளே நுழைவேன். டயல் செய்து, மோடம் கத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கரண்ட் போகாமல் இருந்தால் மெயில் பார்க்கலாம். பாறசாலைப் பக்கம் டிஜிட்டல் யுகம் வந்துவிட்டது — மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்!

மெயில் அனுப்பியிருந்தவர் வெளிநாட்டு நூலகர் ஒருவர். 'நீங்கள் கேட்ட பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் பக்கத்தில் கட்டுரை எதுவும் இல்லை. மைக்ரோஸ்கோப் விளம்பரம்தான் இருக்கிறது. இதழ் முழுக்கத் தேடியும் அந்தக் கட்டுரை இல்லை. விளம்பரத்தை வேண்டுமானால் நகலெடுத்து அனுப்பட்டுமா?'

நல்ல மனுஷி. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் விலங்கியல் லெக்சரர் ஷைலஜா, லீவு போட்டு ஆராய்ச்சி செய்கிறாள். நெய்யாற்று மீன்கள். அவள் சொல்வது இதுதான்: கள்ளிக்காட்டுப் பக்கம் ஒரு வகைப் பரல் மீன் முன்பு இருந்தது, இப்போது இல்லை. 'இப்போது இல்லை' என்பதற்கு, மூன்று வருஷம் ஆற்றில் வலை போட்ட கணக்கு அவளிடம் இருக்கிறது. 'முன்பு இருந்தது' என்பதற்கு? ஒரே ஆதாரம்... அறுபதுகளில் எபனேசர் சார் எழுதிய கட்டுரை. அவர் எங்கள் கல்லூரியிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஷைலஜாவுக்கு வாத்தியார்.

அவள் கட்டுரையை வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பினாள். 'எபனேசரின் கட்டுரை எங்களுக்கு எங்கும் கிடைக்கவில்லை, நகல் அனுப்புங்கள்' என்று எடிட்டர் எழுதிவிட்டார்.

சின்ன வேலை என்றுதான் நினைத்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் புதிதாக வந்திருக்கும் கட்டுரைப் பட்டியல் சிடியில் தேடினேன். இல்லை. அங்கே அந்த வருஷத்து இதழும் தொலைந்து போயிருந்தது. அதனால்தான் அந்த மெயில்.

பதில் வந்த அன்று எங்கள் நூலகத்தில் இருக்கும் தீசிஸ்களை எல்லாம் இறக்கினேன். மீனைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் எபனேசர் சாரின் கட்டுரையை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். அதே இதழ், அதே பக்கம், அதே மைக்ரோஸ்கோப் விளம்பரம்! ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியிருக்கிறார். கல்யாணக் கார்டில் பெரியப்பா பெயரை விட முடியாதது மாதிரி, சாரின் பெயரையும் யாரும் விடவில்லை.

ஷைலஜாவிடம் சொன்னேன்.

"அக்கா, இத ஆருட்டயும் சொல்லாண்டாம். காப்பி கிட்டல்லன்னு எடிட்டருக்கு எழுதிப் போட்டிரலாம்."

"இல்லாத காப்பி எப்பிடிட்டி கிட்டும்?"

"பின்ன என்ன செய்ய? அது இல்லேன்னா அந்த மீனு இங்க இருந்ததுன்னே சொல்ல ஒக்காது. எனக்க தீசிஸே போச்சு!"

"சாருட்டயே கேப்போம்."

"அவரு எனக்க சாராக்கும். நான் போய் எப்பிடி அக்கா கேக்கது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மேலா, சார்மேலா, பார்க்காமல் காப்பியடித்த அத்தனை பேர்மேலுமா... தெரியவில்லை. சனிக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு காரக்கோணம் பஸ்ஸில் ஏறினேன்.

சார் வாசலிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி லில்லிபாய் அம்மா சாயா கொண்டு வந்தார். நான்தான் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது அச்சில வரல்ல மக்கா" என்றார் ஷைலஜாவைப் பார்த்து. "எடுத்துக்கிட்டோம்னு அவங்க எழுதினாங்க. இன்ன பக்கத்தில வரும்னும் சொன்னாங்க. நான் காலேஜ் முழுக்க லட்டு குடுத்தேன். புஸ்தகம் வந்தப்போ பார்த்தா... இல்ல. ஏன்னு கேட்டு எழுதினேன், பதில் ஒண்ணும் வரல்ல. லட்டு தின்னவங்ககிட்ட போய் என்னத்தச் சொல்ல? நாணக்கேடாக்கும்."

"பின்னயும் எல்லாரும் அதக் காட்டுனாங்களே சாரே?" என்றேன்.

"காட்டுனாங்க. ஒரு ஆளாவது வந்து, 'சாரே, அந்தப் பேப்பர் ஒண்ணு தாருங்க, வாசிக்கணும்'னு கேட்டிருந்தா அண்ணைக்கே சொல்லியிருப்பேன். ஆரும் கேக்கல்ல."

இத்தனை வருஷம் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடமும் அந்தக் கட்டுரையை யாரும் கேட்டதில்லை.

ஷைலஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லியா சாரே?"

"பேப்பர்தான் இல்ல மக்கா" என்று எழுந்தார். "மீன் உண்டு."

கொல்லைப்புறம் விறகு அடுக்கியிருந்த சாய்ப்புக்குக் கூட்டிப்போனார். பின்னாலேயே லில்லிபாய் அம்மாவின் குரல். "அந்த நாறின குப்பியளயா எடுக்கிய? கிறிஸ்மசுக்குத் தூக்கி எறியப் போனேன் டீச்சரே, இவரு எனக்கக்கூட சண்டைக்கு வந்தாச்சு!"

ஒரு மரப்பெட்டி. உள்ளே கண்ணாடிக் குப்பிகள். விலங்கியல் லேப்பில் இடமில்லை என்று கல்லூரி கழித்துக்கட்டியபோது சார் வீட்டுக்குச் சுமந்து வந்தவை. மஞ்சளாகிப் போன ஃபார்மலினில் இரண்டு விரல் நீளத்துக்கு மீன்கள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டு — பிடித்த இடம், பிடித்த தேதி. ஷைலஜா ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். பையிலிருந்து லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். அதே பரல்!

கம்ப்யூட்டர் வந்தால் நூலகர்களுக்கு வேலை இருக்காது என்கிறார்கள். இருக்கலாம். சிடி 'இல்லை' என்றது. சரியாகத்தான் சொன்னது. அதோடு நாங்கள் நிறுத்தியிருந்தால் மீனும் இல்லாமல் போயிருக்கும். 'இல்லை' என்று வந்த பிறகு எழுந்து பஸ் ஏறுவதற்கு இன்னும் ஓர் ஆள் வேண்டித்தான் இருக்கிறது.

சார் ஒரு நிபந்தனை போட்டார். "அந்தப் பேப்பர் அச்சாகல்லன்னும் எழுதணும். எனக்க பேரு போயிரும்னு பேடிக்காண்டாம்." என்னைப் பார்த்து, "டீச்சரும் பத்திரிகையில எழுதுற பத்தியில இத எழுதுங்க. என்னால சொல்ல ஒக்கல்ல" என்றார். எழுதிவிட்டேன் சார்.

ஷைலஜா எல்லாவற்றையும் எழுதி அனுப்பியதற்கு, நேற்று மத்தியானம் எடிட்டரின் மெயில் வந்தது. கட்டுரை இல்லாவிட்டால் பரவாயில்லையாம், மீன் இருந்தால் அதைவிட நல்லதாம். குப்பிகளைக் கல்லூரியில் பத்திரமாக வைத்து, எண் போட்டு, படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். பெட்டி இப்போது என் மேஜைக்கடியில் இருக்கிறது. நாற்றம் சகிக்கவில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். சனிக்கிழமை நாங்கள் படியிறங்கும்போது சார் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மக்கா, உனக்க பேப்பர் அச்சில வந்தா எனக்கொரு காப்பி தரணும். வாசிக்கணும்."

அப்பாடா... ஒருவர் கேட்டுவிட்டார்!